பதவியிலும் பெரியது பணி

உள்ளூராட்சி மன்ற உறுப்பினர் ஒருவரின் கடமை வடிகாலோடும் வீதி விளக்கோடும் முடிந்துவிடுவதில்லை. இதற்குச் சான்றாக அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பையின் வாழ்வை நாம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

1838 ஆம் ஆண்டு கண்டியில் பிறந்த சித்திலெப்பை சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். கண்டி மாநகர சபையின் உறுப்பினராகவும் விளங்கினார். வருவாயும் செல்வாக்கும் ஒருங்கே வாய்த்திருந்தன. ஆயினும், தமது சமூகத்துப் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கியிருந்தமை அவரை வாட்டியது. அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாரின் வசம் இருந்தன. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்றஞ்சிய முஸ்லிம் பெற்றோர் அவர்களை அங்கு அனுப்பத் தயங்கினர். மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஓரிடத்திற் கிடைப்பதே இதற்குப் பரிகாரம் என அவர் கண்டார்.

1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார ஏட்டை ஆரம்பித்து, கல்வியின் அவசியத்தை இடையறாது வலியுறுத்தினார். 1885 இல் வெளிவந்த அவரது 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகின்றது. கண்டியிற் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தார். கொழும்பில் 1884 இல் மேற்கொண்ட முதல் முயற்சி நிலைக்கவில்லை. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் வாப்பிச்சி மரிக்காரின் உறுதுணையும் சேர, 1892 இல் மத்ரஸதுல் ஸாஹிரா உதயமாயிற்று. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

1898 இல் அவர் மறைந்தார். அவர் வகித்த பதவியை இன்று நினைவிற் கொண்டிருப்போர் மிகச் சிலரே. அவரது பணியின் பயனைத் தலைமுறைகள் அனுபவிக்கின்றன. மக்கள் வாக்களித்து அனுப்பும் ஒவ்வோர் உறுப்பினரும் இதனைச் சிந்திப்பார்களாக.