உரிமம் கிடைக்காத கார்

தசரா விழாவையொட்டி மைசூருவின் தெருக்களில் பழங்கார்கள் அணிவகுத்துச் சென்றதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். பெரிய விளக்குகளும் கம்பிச் சக்கரங்களும் வெயிலில் மின்ன, மக்கள் இருபுறமும் நின்று படம் எடுப்பர். பழைமை மாறாமல் காக்கப்படும் கார், உரிமையாளர் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைத்த கார், புதிய கருத்து ஒன்றைச் செய்துகாட்டும் முன்மாதிரிக் கார் என ஆர்வலர்கள் இவற்றை வகைப்படுத்துவர். காரின் புறத்தழகை வியப்போர் பலர். மூடியைத் திறந்து, உள்ளே எது எதனை இயக்குகிறது என்று பார்க்க விரும்புவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கோயம்புத்தூரில் வாழ்ந்தார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர், ஜி.டி. நாயுடு என்றே உலகம் அவரை அறியும். 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தாயை மிக இளமையிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒன்றவில்லை. ஆசிரியர்மீது மணலை வீசிவிட்டு ஓடியதாகவும் சொல்வர். ஆசிரியராகிய எனக்கு இதனை எழுதச் சற்றுத் தயக்கமே. எனினும் மறைத்துவிட்டு அவர் வரலாற்றைச் சொல்ல இயலாது. மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கல்வி முடிந்தது.

ஒருநாள் அவ்வூர்ப் பக்கம் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! அது ரட்ஜ் என்னும் நிறுவனம் செய்த வண்டி. அன்று முதல் இளைஞருக்கு வேறு நினைவே இல்லை. அத்தகைய வண்டி ஒன்றை வாங்க வேண்டும் என்பதற்காகவே கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறிது சிறிதாகச் சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றிக் காட்டினாரா? இல்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் தனித்தனியே வைத்தார். பிறகு மீண்டும் பூட்டினார். கழற்றுவது எளிது, கழற்றியவற்றை முறை மாறாமல் பூட்டி வண்டியை ஓடச் செய்வதே அரிது. மிதிவண்டியின் சங்கிலியைக் கழற்றிப் பார்த்த மாணவர்களுக்கு இது நன்கு விளங்கும். அவருக்குப் பொறியியல் கற்பித்த முதல் ஆசிரியர் அந்த மோட்டார் சைக்கிளே.

இடையில் திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்து பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று அதனை இழந்தார். பின்னர், கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரின் உதவியால் பேருந்து ஒன்றைப் பெற்றார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். அந்த ஒரு பேருந்திலிருந்துதான் யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. கொங்கு நாட்டு முதியவர்கள் இன்றும் அப்பெயரை நினைவில் வைத்துள்ளனர். உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

பேருந்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1937ஆம் ஆண்டு, தே. பாலசுந்தரம் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மின்மோட்டாரை இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்பர். மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி என அவர் கைபட்டவை பல. ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று ஆலைகளையும் எந்திரங்களையும் நேரில் கண்டார். கையில் எப்போதும் படக்கருவி இருந்தது. 1936ஆம் ஆண்டு இலண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தார்.

1945ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க அவர் பெரிதும் உதவினார். அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கல்லூரி முதல்வரானார்! ஆனால் அப்பதவியில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்கலாம், மாணவர் கைகள் எந்திரத்தில் படிந்தால் போதும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை, அவர் விலகினார். இதில் அவர் கூறியது முழுதும் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. கணக்கும் கோட்பாடும் கற்கக் காலம் வேண்டுமல்லவா? எனினும், கரும்பலகையில் வரைந்த எந்திரத்தை மட்டுமே கண்டு தேர்வில் வெல்லும் மாணவரை எண்ணும்போது அவருடைய கோபத்தின் காரணம் புரிகிறது.

அக்காலத்தில் கார் என்பது செல்வர் வீட்டுப் பொருள். நடுத்தரக் குடும்பமும் வாங்கத்தக்க கார் வேண்டும் என எண்ணிய நாயுடு, 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! பேருந்து நடத்தியவருக்கு எவ்வுறுப்புத் தேவை, எது வெறும் அலங்காரம் என்பது நன்கு தெரிந்திருந்தது. ஆயினும், செய்யத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அந்நாளில் இந்தியாவில் கார் போன்றவற்றைப் பெருமளவில் உற்பத்தி செய்ய மைய அரசின் உரிமம் வேண்டும். அவருக்கு அவ்வுரிமம் கிடைக்கவில்லை. ஆர்வலர் முன்மாதிரிக் கார் என்று கூறும் வகையிலேயே அது நின்றுவிட்டது. கடைக்கு வரவில்லை, சாலையை நிறைக்கவில்லை. அது வந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் அதில் ஏறிச் சென்றிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவருடைய கண்டுபிடிப்புகளைக் காட்டும் காட்சியகம் உள்ளது. அங்கேயே 2015ஆம் ஆண்டு முதல் கார் அருங்காட்சியகம் ஒன்றும் இயங்கி வருகிறது. 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியின் மறுவடிவம் முதல் பல நாட்டுக் கார்களை அங்கே காணலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சாமராஜநகர் வழியே திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி, சத்தியமங்கலத்தைக் கடந்தால் கோயம்புத்தூரை அடையலாம்.

செயல்பாடு: மிதிவண்டியின் ஐந்து உறுப்புகளுக்குரிய தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் ஒன்று பழுதானால் வண்டி ஏன் ஓடாது என்பதை நான்கு வரிகளில் விளக்குக.