தென்கோடி வாத்துகளும் ஹட்சன் துரையும்

பறவைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி ஹட்சன் ஒரு கடைக்காரரின் மகன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1841-ல் அர்ஜெண்டினாவில், போனஸ் அயர்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். தகப்பனார் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்; ஆடு வளர்த்தார், கடையும் வைத்தார், நொடித்தும் போனார். மகனுக்கோ வாலிபத்தில் கடுங்காய்ச்சல். இருதயம் கெட்டுவிட்டது, எந்த நேரமும் உயிர் போகலாம் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். அவர் 81 வயது வரை இருந்தது வேறு விஷயம்!

அந்த நாட்டில் மே மாதம் குளிர் தொடங்கும் காலம். அப்போது மகெல்லன் ஜலசந்திப் பக்கத்திலிருந்து காட்டு வாத்துகள் கூட்டங் கூட்டமாக வடக்கே புல்வெளிகளுக்கு வரும். ஆண் வெள்ளை, பெண் செம்பழுப்பு. இன்று இவற்றைப் படம்பிடிக்கக் கேமிராவுடன் போகிறவர்கள் உண்டு. ஹட்சனுக்குக் கண்ணும் காதுமே கேமிரா. இராக் காலத்தில் ஆண் சீட்டியடிப்பதும் பெண் கனத்த குரலில் பதில் கொடுப்பதும் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

ஆட்டுப் பண்ணை வைத்திருந்த அவருடைய சகோதரர் ஒரு காட்சியைக் கண்டு சொன்னார். வாத்துகளெல்லாம் தெற்கே திரும்பிப் போய்விட்டன. வெட்டவெளியில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம். பெண்ணுக்குச் சிறகு ஒடிந்திருந்தது. அது தெற்கு நோக்கி நடந்தே போயிற்று. ஆண் சற்றுத் தூரம் பறந்து, இறங்கி, திரும்பிப் பார்த்துக் கூப்பிடும். அது வந்து சேர்ந்ததும் மறுபடி பறக்கும். நூற்றுக்கணக்கான மைல் பாக்கி! வழியில் பருந்தோ நரியோ முடித்துவிடும் என்பது பார்த்தவருக்குத் தெரியும். ஹட்சன் இதை 1901-ல் வெளியான தம் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

வாலிபத்தில் அவரும் பறவைகளைச் சுட்டுத் தோலை அமெரிக்கக் காட்சிச்சாலைக்கு அனுப்பியவர்தாம். 1874-ல் இங்கிலாந்து சேர்ந்தார். மனைவி நடத்திய விடுதியும் நஷ்டத்தில் முடிந்து வெகுகாலம் வறுமை. அந்நாளில் சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு விற்பது லண்டனில் பெரிய வியாபாரம். கூடு கட்டும் பருவத்தில் தாய்க் கொக்கைச் சுட்டுவிடுவார்கள். குஞ்சுகள் பட்டினியில் சாகும். இலாபம் கொழிக்கும் அந்தச் சரக்கை எதிர்த்து ஹட்சன் முப்பது வருஷம் எழுதினார். 1921-ல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதே வருஷம், புத்தக வருமானம் போதும் என்று சர்க்கார் கொடுத்துவந்த உபகாரச் சம்பளத்தை வேண்டாமென்று விட்டார். 1922-ல் காலமானார், சொத்தில் பெரும்பகுதி பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்குப் போயிற்று.

1931-ல் அர்ஜெண்டினா சர்க்கார் அந்த வாத்துகளைப் பயிரழிக்கும் ஜந்துக்கள் என்று அறிவித்தது. அவற்றில் சிறியதான செந்தலை வாத்து, தென்னமெரிக்கப் பெருநிலத்தில் இன்று ஆயிரத்துக்கும் குறைவு.