டாக்டர் பட்டம் வாங்காத டெனிஸ் ரிட்சி... உங்க போன் வரைக்கும் வந்த கதை!

ஆய்வேட்டை எழுதி முடிச்சாச்சு. பைண்டிங் செய்து பல்கலைக்கழக லைப்ரரியில் கொடுத்துட்டா பெயருக்கு முன்னாடி 'டாக்டர்' வந்துடும். அதுவும் ஹார்வர்டு டாக்டர்! நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? அன்னிக்கே ஓடிப்போய்க் கொடுத்திருப்பீங்கதானே?

டெனிஸ் ரிட்சி கொடுக்கவே இல்லை. 1968-ல் நடந்தது இது. கடைசி வரைக்கும் அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவும் இல்லை. ஆனா, உங்க கையில் இருக்கிறது ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அதோட அஸ்திவாரத்தில் இந்த மனிதரின் உழைப்பு இருக்கு.

1941 செப்டம்பர் 9-ல் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில்லில் பிறந்த ரிட்சி, வளர்ந்தது நியூ ஜெர்சியில். அப்பா அலிஸ்டர், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் இயற்பியல் படிச்ச மகனும் 1967-ல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போ பெல் ஆய்வகம், எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக் மூணும் சேர்ந்து 'மல்டிக்ஸ்' என்ற பிரமாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிட்டிருந்தாங்க. வேலை இழுத்துக்கிட்டே போச்சு. 1969-ல் பெல் ஆய்வகம் விலகிடுச்சு. புது கம்ப்யூட்டர் வாங்கித்தரவும் நிர்வாகம் முன்வரலை. ரிட்சியின் சகா கென் தாம்ப்சன், யாரும் அதிகம் தொடாத ஒரு பி.டி.பி-7 மெஷினைத் தேடிப்பிடிச்சு, அதில் சின்னதா ஒரு சிஸ்டம் எழுத ஆரம்பிச்சார். ரிட்சியும் கைகோத்தார். அதுதான் யுனிக்ஸ்!

மவுஸ், டச் ஸ்கிரீன் எல்லாம் இல்லாத காலம் அது. 'டெலிடைப்' என்ற தட்டச்சு மெஷின்லதான் கட்டளையை அடிக்கணும். பதிலும் அதிலேயே பேப்பரில் அச்சாகி வரும், நொடிக்கு 10 எழுத்து வேகத்தில். ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்கணும்னா பெயரை நீட்டி முழக்க முடியுமா? அதனால எல்லாத்தையும் சுருக்கினாங்க. ஃபைல்களைப் பட்டியல் போட 'எல்.எஸ்', காப்பி எடுக்க 'சி.பி', இடம் மாத்த 'எம்.வி', அழிக்க 'ஆர்.எம்'. ஆளுக்கு ரெண்டே எழுத்து!

அடுத்து வந்த பி.டி.பி-11 மெஷினின் மொத்த மெமரி எவ்வளவு தெரியுமா? 24 கிலோபைட். நீங்க எடுக்கிற ஒரு செல்ஃபியே அதைவிடப் பல மடங்கு பெருசு. அந்த இடத்துக்குள்ள எல்லாம் தெரிஞ்ச ஒரு பெரிய புரோகிராமை அடைக்க முடியாது. சின்னச் சின்னதாத்தான் எழுதியாகணும். அந்த நெருக்கடிதான் யுனிக்ஸின் குணமாவே மாறிச்சு: ஒரு கருவி, ஒரே ஒரு வேலை. அதை ஒழுங்கா செஞ்சா போதும்.

ஒரு வேலை மட்டும் தெரிஞ்ச கருவியை வெச்சு என்ன பண்றதுன்னு கேக்குறீங்களா? அதுக்கும் வழி வந்தது. அவங்க துறைத் தலைவர் டக் மெக்கில்ராய் ரொம்ப நாளா வலியுறுத்தின 'பைப்' யோசனையை 1973-ல் தாம்ப்சன் செஞ்சு முடிச்சார். ஒரு கருவியில் இருந்து வெளியே வர்றதை அடுத்த கருவிக்குள்ள நேரா பாய்ச்சுற குழாய் அது. லட்சம் வரி இருக்கிற ஃபைலில் பிழைச் செய்திகளை மட்டும் எடுக்கணுமா? 'கிரெப்' பொறுக்கித் தரும். 'சார்ட்' வரிசைப்படுத்தும். 'யுனிக்' எந்தப் பிழை எத்தனை முறை வந்ததுன்னு எண்ணிச் சொல்லும். மூணையும் பைப்பில் கோத்தா ஒரே வரியில் வேலை முடிஞ்சுது. இந்த மூணுக்கும் ஒண்ணைப் பத்தி இன்னொண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதில் அழகு.

இதுக்கு நடுவில் ரிட்சி செஞ்ச பெரிய காரியம், 'சி' மொழி. 1973-ல் யுனிக்ஸின் மையப் பகுதியையே சி-யில் திருப்பி எழுதினாங்க. அதுவரைக்கும் ஒரு மெஷினுக்குன்னு எழுதின ஆபரேட்டிங் சிஸ்டம் பெரும்பாலும் அந்த மெஷினோடவே முடிஞ்சுபோகும். சி வந்த பிறகு யுனிக்ஸ் வேற வேற மெஷினுக்குக் குடிபெயர முடிஞ்சுது. இன்னிக்கு ஆண்ட்ராய்டுக்குள்ள இருக்கிற லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் சி-யில் எழுதப்பட்டதுதான். ஐபோனின் சிஸ்டமும் யுனிக்ஸ் வழி வந்ததே. பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிட்சி 1978-ல் எழுதிய சி புத்தகத்தை, கம்ப்யூட்டர் படிச்ச உங்க வீட்டு அண்ணனோ அக்காவோ நிச்சயம் பார்த்திருப்பாங்க.

அவர் குணத்தைப் புரிஞ்சுக்க, 1971-ல் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டைப் பார்த்தா போதும். தாம்ப்சனும் ரிட்சியும் எழுதினது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். கடைசியில், அந்தக் கட்டளையில் இருக்கிற குறைகளைச் சொல்ல தனியா ஒரு தலைப்பு! நம்ம பொருளில் இதெல்லாம் சரியில்லைன்னு நாமளே அச்சடிச்சுக் கொடுக்க எவ்வளவு தைரியம் வேணும்? எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரிட்சிக்கு வெறும் மூணு எழுத்து: டி.எம்.ஆர். அது அவரோட லாகின் பெயர்.

விருதுகள் தானா வந்தன. 1983-ல் தாம்ப்சனோடு சேர்ந்து டூரிங் விருது, பிறகு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 2011-ல் ஜப்பான் பரிசு. அதே வருஷம் அக்டோபர் 12-ம் தேதி, தனியா வாழ்ந்த ரிட்சி நியூ ஜெர்சி வீட்டில் இறந்துகிடந்தது தெரியவந்தது. வயது 70. ஒரு வாரம் முன்னாடிதான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகமே அந்தத் துக்கத்தில் இருந்ததால், இந்த மரணம் பலர் காதுக்கு எட்டவே இல்லை. ஹார்வர்டில் கொடுக்காத அந்த ஆய்வேட்டின் பிரதி குடும்பத்தினர் மூலமா கிடைச்சு, 2020-ல் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் வழியா வெளியே வந்தது.

சர்டிஃபிகேட் வேண்டாம்னு யாரும் சொல்லலை, வாங்கிடுங்க. ஆனா, சின்ன வேலைதானேன்னு நீங்க நினைக்கிற ஒண்ணை, அடுத்தவர் எடுத்து இன்னொண்ணோடு கோக்கிற அளவுக்குச் சுத்தமா செஞ்சு பாருங்க. மேக் அல்லது லினக்ஸ் லேப்டாப் கிடைச்சா டெர்மினலைத் திறந்து, எல்.எஸ் ரெண்டு எழுத்தை அடிச்சு என்டர் தட்டுங்க. 50 வருஷம் தாண்டியும் அது பதில் சொல்லும்!