வான்வீரர் எட்வர்ட் ஓஹேர்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1914-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் எட்வர்ட் ஓஹேர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். சிக்காகோவின் கள்ளச்சாராயத் தலைவன் அல் கபோனுடன் தொழில் தொடர்பு வைத்திருந்து, பின்னர் அவனைப் பற்றி அரசுக்குத் துப்புக் கொடுத்தவர். 1939-இல் சிக்காகோ வீதியில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது மகன் கடற்படையில் விமானம் ஓட்டப் பயின்றுகொண்டிருந்தார்.

1942 பிப்ரவரி 20. பசிபிக் பெருங்கடலில் லெக்சிங்டன் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்க ஒன்பது ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. போர்விமானிகள் அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தபோது, மறுபுறத்திலிருந்து இன்னும் எட்டு வந்துவிட்டன! அருகில் இருந்தவர்கள் ஓஹேரும் உடன் பறந்த டூஃபில்ஹோவுமே. டூஃபில்ஹோவின் துப்பாக்கிகளோ சிக்கிக்கொண்டு சுட மறுத்தன. ஆக, எட்டுக்கு ஒருவர்.

அவருடைய வைல்ட்கேட் விமானத்தில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 450 தோட்டாக்கள். கேட்க ஏராளமாகத் தோன்றும். விடாமல் சுட்டால் அரை நிமிடத்திற்குச் சற்று மேல்தான் வரும்! ஆகையால் அவர் மிக அருகே சென்று, எஞ்சின்களைக் குறிபார்த்துச் சிறிது சிறிதாகச் சுட்டார். வலப்புறம் தாக்கிவிட்டு இடப்புறம் பாய்ந்தார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கப்பல் பிழைத்தது.

திரும்பி வந்தவரைப் பகைவர் என்று எண்ணி, கப்பலிலிருந்த இளம் வீரன் ஒருவன் சுட்டுவிட்டான். நல்லவேளை, குறி தவறியது. இறங்கியதும் ஓஹேர் அவனிடம் சென்றார். கோபித்துக்கொள்ளவில்லை. சக்கரங்களை இறக்கிக்கொண்டு வருபவனை இனியும் சுட்டால் மேலதிகாரியிடம் சொல்ல நேரும் என்று மட்டும் கூறினார். இவர் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஐந்து விமானங்களை வீழ்த்தினார் என்று அன்று எழுதினர். ஜப்பானியப் பதிவேடுகளை ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள் மூன்று என்கின்றனர். இருக்கட்டுமே! எட்டின் முன் தனியே போனாரே, அந்தக் கணக்கு மாறவில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் முன்னிலையில், நாட்டின் மிக உயர்ந்த வீரவிருதான மெடல் ஆஃப் ஆனரை அவர் கழுத்தில் அணிவித்தவர் மனைவி ரீட்டா. ஊரெங்கும் வரவேற்பு. அவரோ புகழுக்குக் கூச்சப்பட்டு, மீண்டும் போர்முனைக்கே சென்றார்.

1943 நவம்பர் 26 இரவு, கில்பர்ட் தீவுகளுக்கு அருகே, ரேடார் துணையுடன் இருளில் போரிடும் புதிய முறைக்குத் தாமே தலைமையேற்றுப் பறந்தார். அச்சண்டையில் அவர் விமானம் கடலில் மறைந்தது. தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. வயது 29. அவருடைய பெண் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை.

தந்தை சுடப்பட்ட அதே சிக்காகோவின் விமான நிலையத்திற்கு 1949-இல் மகனின் பெயரைச் சூட்டினர். முன்பு அதற்கு ஆர்ச்சர்ட் என்று பெயர். அதனால்தான் அங்கே போகும் பெட்டிகளில் இன்றும் ஓ.ஆர்.டி. என்றே சீட்டு ஒட்டுகிறார்கள்.