நாவலர் அல்லாத தூதுவர்

ஆய்வுக்கூடத்தில் மின்கலத்தின் முனைகளில் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் நாள்தோறும் காண்கிறேன். மின்சாரத்திற்கு அக்குறிகளைச் சூட்டியவர் பெஞ்சமின் பிராங்ளின். இடிமழையில் பட்டம் விட்ட அறிஞர் என்று பள்ளிப் பாடத்தில் நாமெல்லோரும் படித்தவர்தாம். அமெரிக்கா முதன்முதல் பெற்ற பெருந்தூதரும் அவரே. ஆனால் அவர் சொற்பொழிவாளர் அல்லர். பேசும்போது சொல் தேடித் தயங்குவார். மொழிப் பிழையும் நேரும். இதை அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். நம் சங்க மேடையில் அடுக்குமொழியில் முழங்கும் நண்பர்களைக் கண்டு வாயடைத்து நிற்கும் என்போன்றோர்க்கு இவ்வரலாறு பெரியதோர் ஆறுதல்.

அவர் 1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டு. பன்னிரண்டாம் வயதில் தமையனின் அச்சகத்தில் வேலைக்கு அமர்ந்தார். அங்கேதான் எழுதக் கற்றார். கற்ற முறை வியப்பானது. இலண்டனிலிருந்து வந்த ஒரு நல்ல இதழின் கட்டுரையைப் படிப்பார். கருத்துகளை மட்டும் குறித்துக்கொள்வார். சில நாள் கழித்துத் தம் சொற்களில் அதை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை காண்பார். உரைநடையைச் செய்யுளாக்கி, செய்யுளை மீண்டும் உரைநடையாக்கிப் பார்ப்பார். வாதத்தில் ‘உறுதியாக’, ‘ஐயமின்றி’ என்னும் சொற்களை அறவே விலக்கினார். எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று தொடங்குவதே அவர் வழக்கமாயிற்று. எதிரியின் முகம் சுருங்காமல் இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பதை இளமையிலேயே கண்டுகொண்டார்.

1766-இல் முத்திரைத்தாள் வரி பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவரை வரவழைத்து வினவியது. நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றிற்கும் சுருக்கமான விடை. அவ்வாண்டிலேயே வரி நீக்கப்பட்டது. எட்டாண்டுகள் சென்றன. மாசசூசெட்ஸ் ஆளுநரின் அந்தரங்கக் கடிதங்கள் அவர் கைக்கு வந்து, அவர் வழியே பாஸ்டன் சென்று அச்சேறிவிட்டன. 1774 ஜனவரி 29-ஆம் நாள் பிரிவி கவுன்சிலின் முன் அவர் நிறுத்தப்பட்டார். வெட்டர்பர்ன் என்னும் அரசாங்க வழக்கறிஞர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரை வசைபாடினார். பிரபுக்கள் நகைத்து மகிழ்ந்தனர். அறுபத்தெட்டு வயதுக் கிழவர், மான்செஸ்டர் வெல்வெட் உடையில், முகத்தில் ஒரு தசையும் அசையாமல் நின்றார். மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அஞ்சல் துறையில் அவர் வகித்த பதவியும் உடனே பறிபோயிற்று. ஆங்கிலப் பேரரசு உடையக் கூடாது என்று அதுவரை பாடுபட்ட மனிதர் அவர். வெட்டர்பர்னின் நாவன்மை அன்று இங்கிலாந்துக்குச் செய்த கேட்டை எந்தப் பகைவனும் செய்திருக்க முடியாது என்பேன்.

1776 டிசம்பரில், எழுபது வயதில், உதவி வேண்டிப் பிரான்சில் கரையிறங்கினார். மின்னல் மின்சாரமே என்னும் அவர் கருத்தை 1752-இல் முதலில் மெய்ப்பித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களே. ஆகையால் அவர் புகழ் முன்னரே அங்குப் பரவியிருந்தது. பொய்முடியும் பட்டாடையும் நிறைந்த அந்நாட்டில் இவர் மென்மயிர்த் தொப்பியோடு உலவினார். அவர் உருவம் பொடிடப்பிகளிலும் மோதிரங்களிலும் ஏறியது. பிரெஞ்சு மொழி அவருக்கு அரைகுறைதான். ஒரு கூட்டத்தில் சொற்பொழிவு விளங்காமல், தமக்குத் தெரிந்த சீமாட்டி கைதட்டிய போதெல்லாம் தாமும் பலமாகத் தட்டினாராம். தட்டியது தம்மைப் புகழ்ந்த இடங்களுக்கு என்பதைப் பேரன் பின்னர்ச் சொன்னானாம்! மொழி தெரியா ஊரில் படிக்க வந்திருக்கும் நம்மில் யாருக்குத்தான் இது விளங்காது?

1777 அக்டோபரில் சரட்டோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்தது. 1778 பிப்ரவரி 6-இல் பிரான்சு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அன்று பிராங்ளின் அணிந்தது நான்காண்டுகளுக்கு முன் அணிந்த அதே வெல்வெட் உடை என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர்.

ஆயினும் அவர் திறமையின் உச்சி 1782-இல் எழுதிய ஒரு கடிதம் என்பது என் எண்ணம். பிரான்சைக் கலந்துகொள்ளாமலே அமெரிக்கத் தூதர்கள் நவம்பர் 30-இல் இங்கிலாந்தோடு முன்னுடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சு அமைச்சர் வெர்ஜென் சினந்தார். சினம் நியாயமே, உண்ட வீட்டுக்குச் சொல்லாமல் போன கதைதான் அது. பிராங்ளின் மறுக்கவில்லை. மரியாதையில் குறை நேர்ந்தது, அன்பில் நேரவில்லை என்றார். நம்மைப் பிரித்துவிட்டோம் என்று ஆங்கிலேயர் மகிழ்கின்றனர், ஆகையால் இச்சிறு மனத்தாங்கல் வெளியே தெரியாதிருக்கட்டும் என்றார். அதே கடிதத்தில் கடனும் கேட்டார்! 60 இலட்சம் லிவர் கடன் கிடைத்தது. தொகுத்துச் சொல்லி, இன்னாதன நீக்கி, கேட்பார் மனம் குளிரச் சொல்வதே தூது என்ற வள்ளுவர், இக்கடிதத்தைக் கண்டால் தலையசைப்பார். அந்தக் கடன்கள் பிரெஞ்சு அரசின் கருவூலத்தை வற்றச் செய்தன என்பதையும் மறைக்க முடியாது.

1783 செப்டம்பர் 3-இல் பாரிசில் அமைதி உடன்படிக்கை முடிந்தது. இரு பேரரசுகளோடு உடன்பாடு கண்டவரால் ஒருவரோடு மட்டும் உடன்பாடு காண முடியவில்லை. அவர் தம் மகன் வில்லியம். பட்டம் விட்ட நாளில் தந்தையின் உடன் நின்றவர். பின்னர் நியூஜெர்சியின் ஆளுநராகி, மன்னர் பக்கமே நின்று சிறை சென்றவர். 1784-இல் வில்லியம் உறவு நாடி எழுதினார். இதைப்போல் என்னைப் புண்படுத்தியது வேறொன்றில்லை என்று விடை வந்தது. மறு ஆண்டு சௌதாம்ப்டன் துறைமுகத்தில் சில நாள் சந்தித்தனர். நிலமும் கடனும் கணக்குப் பார்க்கப்பட்டன. தந்தை கப்பலேறினார், பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

1787-இல் அரசியல் சட்டப் பேரவையின் இறுதி நாளில், எண்பத்தொரு வயது முதியவர் எழுதிய உரையை ஜேம்ஸ் வில்சன் என்னும் உறுப்பினர் படித்தார். தம் கருத்து தவறாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொருவரும் சற்றே ஐயுற்றுக் கையெழுத்திட வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள்.

1790 ஏப்ரல் 17-இல் அவர் மறைந்தார். பிரெஞ்சுத் தேசிய சபை மூன்று நாள் துக்கம் கொண்டாடியது. வில்லியமுக்கு உயிலில் எழுதிவைத்தது நோவாஸ்கோஷியாவில் ஏதோ நிலமும், ஏற்கெனவே அவரிடமிருந்த நூல்களும் தாள்களும் போன்றவையே.