சம்பளச் சீட்டில் அம்பேத்கர்

நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்றொரு பிடித்தம் இருக்கும். நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய். முதலாளி தன் பங்குக்கு மூன்றேகால் ரூபாய் கட்டவேண்டும். இந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனால் அண்ணல் அம்பேத்கரிடம் போய் நிற்போம்.

சிலைகளில் அவர் கையில் இருப்பது அரசியல் சாசனம். அதனாலேயே அவர் பொருளாதாரம் படித்தவர் என்பது நமக்கு மறந்துபோகிறது. ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றவர் அவர். பாரிஸ்டர் படிப்பும் அங்கேதான். ஊர் திரும்பி வழக்கறிஞரான பிறகும் பம்பாய் பரேலில், ஆலைத் தொழிலாளர் வாழும் பகுதியில்தான் பல ஆண்டுகள் குடியிருந்தார்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய மத்திய அமைச்சருக்குச் சமமான பொறுப்பு அது. தொழிலாளிக்கு நோய்க்காலக் காப்பீடு வேண்டும் என்று 1931-லேயே ஒரு ராயல் கமிஷன் சொல்லியிருந்தும் காரியம் நடக்கவில்லை. அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1943-இல், திட்டம் தீட்டும் பணி பேராசிரியர் அடார்க்கரிடம் தரப்பட்டது. மறு ஆண்டே அறிக்கை வந்தது. தனிமனித வழிபாட்டை வெறுத்தவர் அம்பேத்கர். ஆகவே மற்றவர் பங்கையும் சொல்லிவிடுவோம். 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் துறை அமைச்சர், நம்மவரான ஜெகஜீவன் ராம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது.

அம்பேத்கர் கேட்டது இதைவிடப் பெரிது. 1947-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கென ஒரு மனு எழுதினார். காப்பீட்டுத் தொழில் முழுவதும் அரசிடமே இருக்கவேண்டும். வயதுவந்த ஒவ்வொருவரும் தம் வருமானத்துக்கு ஏற்ப ஆயுள் காப்பீடு எடுப்பது கட்டாயமாக வேண்டும் என்றார். குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஒருபுறம். மறுபுறம், சேரும் பிரீமியப் பணத்தைக் கொண்டு, அதிக வட்டிக்குக் கடன் வாங்காமலே அரசு தொழில் வளர்க்கலாம். பொருளாதாரம் படித்தவர் போட்ட கணக்கு இது. வழக்கறிஞருக்கு வேறொரு கவலை: சாதாரணச் சட்டமாக வைத்தால் அடுத்த ஆட்சி மாற்றிவிடும். எனவே சாசனத்திலேயே எழுதச் சொன்னார்.

வரைவுக் குழுவுக்கு அவரே தலைவரானார். ஆனாலும் அந்தப் பிரிவு சாசனத்தில் ஏறவில்லை. சபையில் பெரும்பான்மை அவர் பக்கம் இல்லையே!

1956 செப்டம்பர் 1-இல், 245 நிறுவனங்களின் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டு எல்.ஐ.சி.யைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார். எல்லோருக்கும் கட்டாயக் காப்பீடு என்ற பாதி மட்டும் அந்த மனுவிலேயே கிடக்கிறது. ஈ.எஸ்.ஐ.யும் ஆலைக்கும் கடைக்கும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் கூலிக்குப் போகும் வயலுக்கு இன்றுவரை இல்லை.