இசைத்தட்டு விற்ற இளைஞர்

எங்கள் அரிமளத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். தேக்குமரச் சாமான்கள், எனாமல் பாத்திரங்கள், சுவர்க் கடிகாரங்கள் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஊமத்தம் பூப் போல விரிந்த பித்தளைக் குழலோடு ஒரு மரப்பெட்டி இருந்தால், அதுதான் கிராமபோன். இதைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, மறுபடியும் பாட வைத்து மகிழ்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இந்தக் கிராமபோன் புத்தம் புதிதாக வந்த காலத்தில், அதே காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற இளைஞர் ஒருவரின் கதைதான் இது. பிற்காலத்தில் அவரைத் தமிழகம் முழுவதும் மூன்றே எழுத்தில் அழைத்தது. ஏவி.எம்.! ஆம், ஏவி. மெய்யப்ப செட்டியார்.

1907 ஜூலை 28-ல் காரைக்குடியில் பிறந்தார் மெய்யப்பன். தந்தை ஆவிச்சி செட்டியார். அவர் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டுகளும் விற்றார்கள். பதின்ம வயதிலேயே மெய்யப்பன் அந்தக் கடைக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலத்து இசைத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அரக்கு கலந்து செய்த கறுப்புத் தட்டு அது. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கிவிடும். பெட்டியின் பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறும். அது பிரியும்போது தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். தட்டிலுள்ள மெல்லிய பள்ளத்தில் எஃகு ஊசி ஓடும்போது அதிரும். அந்த அதிர்வு ஒரு மெல்லிய தகட்டுக்குப் போய், குழல் வழியாகப் பாட்டாக வெளிவரும். மின்சாரம் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். ஆனால் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும். மணிக்கணக்கில் கச்சேரி செய்த வித்வான்கள் எல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்கள் பாட்டை அடக்கிப் பாட வேண்டியிருந்தது!

யாரோ தயாரித்த தட்டுகளை விற்றுக்கொண்டே இருப்பது மெய்யப்பனுக்குப் போதவில்லை. நாமே தயாரித்தால் என்ன என்று தோன்றியது. சென்னைக்கு வந்தார். நண்பர்களோடு சேர்ந்து 1932 வாக்கில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஓடியன் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் முத்திரையோடு தமிழ்ப் பாட்டுகளும் நாடகங்களும் தட்டுகளாக வந்தன.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் சினிமா தமிழில் பேச ஆரம்பித்திருந்தது. ஒலித் தொழிலில் இருந்தவருக்கு ஆசை வராதா? கல்கத்தாவுக்குப் போய் அல்லி அர்ஜுனாவை எடுத்தார். தோல்வி. அடுத்து ரத்னாவளி. அதுவும் தோல்வி. இரண்டும் 1935-ல் வந்த படங்கள். இசைத்தட்டில் சம்பாதித்ததை சினிமா விழுங்கியது. வேறொருவராக இருந்தால் காரைக்குடிக்கே திரும்பியிருப்பார்.

மெய்யப்பன் திரும்பவில்லை. 1938-ல் நந்தகுமார் வந்தது. அக்காலப் படங்களில் நடிப்பவரே பாட வேண்டும். கேமரா ஓடும்போதே பாட்டும் பதிவாகும். நன்றாக நடிப்பவருக்குக் குரல் சரியில்லை என்றால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். நந்தகுமாரில் தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவரைத் தனியாகப் பாட வைத்துச் சேர்த்தார் மெய்யப்பன். இன்று நாம் பின்னணிப் பாடல் என்கிறோமே, அது தமிழ்ப் படத்தில் இப்படித்தான் நுழைந்தது. குரலைத் தனியே பதியலாம் என்பது இசைத்தட்டுக்காரருக்குத் தெரியாத விஷயமா என்ன?

1945-ல் ஸ்ரீவள்ளி. வள்ளியாக நடித்த ருக்மிணி தானே பாடியிருந்தார். மெய்யப்பனின் காதுக்கு அது திருப்தி தரவில்லை. எடுத்த படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ருக்மிணியின் வாயசைவுக்குப் பொருந்தும்படி பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தார். இன்று கம்ப்யூட்டரில் சுலபமாக முடிகிற வேலை அது. அன்று எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்! படம் பெரிய வெற்றி பெற்றது. அதே ஆண்டில் ஏவி.எம். நிறுவனம் பிறந்தது.

உலகப் போரால் சென்னையில் ஸ்டூடியோ அமைப்பது கடினமாக இருந்த சமயம் அது. ஆகவே சொந்த ஊரையே நாடினார். காரைக்குடி தேவகோட்டை சாலையில் கீற்றுக் கொட்டகைகள் போட்டு ஸ்டூடியோ ஆக்கினார். அங்கே உருவான நாம் இருவர், சுதந்திரம் கிடைப்பதற்கு ஏழு மாதம் முன்பு, 1947 ஜனவரியில் வெளிவந்தது. பாரதியாரின் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். ஊரெங்கும் அந்தப் பாட்டுகள் ஒலித்தன.

அந்தப் பாட்டுகளால் ஒரு சிக்கலும் வந்தது. ஒருவர் எழுதிய பாட்டை மற்றவர் பதிவு செய்து விற்க வேண்டுமானால் அதற்கு உரிமை பெற வேண்டும். வறுமையில் வாடி 1921-ல் மறைந்த பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, பின்னாளில் ஒரு நகை வியாபாரியிடம் போயிருந்தது. அவரிடமிருந்து மெய்யப்பன் அதை விலைக்கு வாங்கியிருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது மெய்யப்பன் தரப்பு ஆட்சேபித்தது. சட்டப்படி அது சரிதான். ஆனால் பாரதியின் பாட்டு ஒருவரின் சொத்தா என்று தமிழ்நாடே கேட்டது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் முதலானோர் பாரதி விடுதலைக் கழகம் அமைத்துப் போராடினார்கள்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த சமயம். அரசு கேட்டதும் மெய்யப்பன் அந்த உரிமையை ஒரு காசும் வாங்காமல் கொடுத்துவிட்டார். 1949-ல் பாரதியின் படைப்புகள் அரசுடைமை ஆயின. பிறகு அரசு அவற்றை எல்லோருக்கும் பொதுவாக்கியது. உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் யாரையும் கேட்காமல் பாரதி பாட்டைப் பாடுகிறீர்களே, அதற்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. அவர் எடுத்த எத்தனையோ படங்களைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1948-ல் ஸ்டூடியோ சென்னைக் கோடம்பாக்கத்துக்கு மாறியது. அதன்பின் பல மொழிகளிலும் படங்கள், புகழ் என்று நீண்ட வாழ்க்கை. 1979 ஆகஸ்டு 12-ல் மெய்யப்ப செட்டியார் காலமானார். ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களோடு படப்பிடிப்புக் கருவிகளையும் காணலாம்.

சரஸ்வதி ஸ்டோர்ஸ் காலத்து ஓடியன் தட்டுகள் என்ன ஆயின? பல உடைந்துபோயின. மிஞ்சியவற்றைச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஓடியன் தட்டுகளை டிஜிட்டல் முறையில் பதிவு செய்து காக்கும் பணிக்கு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் உதவியிருக்கிறது. உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அப்படி ஒரு தட்டு கிடைத்தால் அவசரப்பட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பாட வைக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும்.